கற்பிக்கும் நாற்காலி யாருக்கு? தொழிற்பயிற்றுநர் ஆகும் பாதையும் ஊதியமில்லாத ஓராண்டும்

சென்னை அபிராமபுரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள், தொழிற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. கிண்டியில் ஒன்றிய அரசின் தேசிய திறன் பயிற்சி நிறுவனம் ஐடிஐ பயிற்றுநர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. தரமணியில் 1964இல் தொடங்கப்பட்ட தேசிய தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. தென்மாநிலங்களின் பட்டதாரி, பட்டயதாரி பழகுநர்களைக் கவனிக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியமும் தரமணியில்தான் உள்ளது.

அதே அபிராமபுரத்தையும் அதை அடுத்த பகுதிகளையும் ஒட்டி, பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் சந்துகளிலும் உழைக்கும் மக்களின் குடியிருப்புகள் உள்ளன. வெல்டிங், பிளம்பிங், மின்பணி, தச்சு, வாகனப் பழுதுநீக்கம் எனக் கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அவர்களில் கணிசமானோர் தலித்துகள். தொழில் தெரிந்த இந்தக் கைகளுக்கும், தொழிலைக் கற்பிக்கும் பணிக்கும் இடையில் என்ன நிற்கிறது? சட்டம் இவர்களுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் வாசலுக்கும் வகுப்பறைக்கும் இடையே வருமானமில்லாத ஓர் ஆண்டு கிடக்கிறது. அந்த ஓராண்டைப் பற்றியே இக்கட்டுரையில் பேசுகிறோம்.

பாதை எப்படி இருக்கிறது?

பத்தாம் வகுப்பு முடித்த ஒருவர் ஐடிஐயில் பிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற பிரிவில் இரண்டு ஆண்டுகள் படித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறுகிறார். அதன்பின் ஒரு தொழிற்சாலையில் பழகுநராக, அதாவது ‘அப்ரண்டிஸ்’ ஆக, பயிற்சி முடித்துத் தேர்வு எழுதினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கிறது. இவ்விரண்டில் எதை வைத்திருந்தாலும், ‘சிஐடிஎஸ்’ எனப்படும் ஓராண்டுப் பயிற்றுநர் பயிற்சிக்கு நுழைவுத்தேர்வு வழியாக விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பத்தை ஆழமாகக் கற்பதுடன், பாடத்தைத் திட்டமிடுவது, செய்து காட்டுவது, மாணவரின் வேலையை மதிப்பிடுவது போன்ற கற்பித்தல் முறைகளும் அங்கே சொல்லித் தரப்படுகின்றன. முடிவில் கிடைப்பது தேசியக் கைவினைப் பயிற்றுநர் சான்றிதழ்.

இந்த ஏற்பாடு நாட்டின் விடுதலையோடு ஒத்த வயதுடையது. பயிற்றுநர்களுக்கான முதல் பயிற்சி நிறுவனம் பிலாஸ்பூர் அருகே கோனி என்னும் ஊரில் 1948இல் தொடங்கியது. ஐடிஐகளை நடத்தும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் வந்தது.

ஐடிஐ பாடத்திட்டங்களிலுள்ள பயிற்றுநர் தகுதி விதியைத் தலித் இளைஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு பாடப்பிரிவின் இரண்டு அலகுகளுக்கு இரண்டு பயிற்றுநர்கள் தேவை எனில், ஒருவர் பட்டமோ பட்டயமோ பெற்றவராக இருக்க வேண்டும். மற்றவர் தொழிற்சான்றிதழோ பழகுநர் சான்றிதழோ பெற்றவராக இருக்க வேண்டும். பட்டதாரிக்கு ஓராண்டும், பட்டயதாரிக்கு இரண்டு ஆண்டுகளும், சான்றிதழ் பெற்றவருக்கு மூன்று ஆண்டுகளும் பணி அனுபவம் தேவை. இருவருக்குமே பயிற்றுநர் சான்றிதழ் கட்டாயம்.

இதன் பொருள் எளிது. இரண்டு நாற்காலிகளில் ஒன்று, கல்லூரிக்குப் போகாமல் பட்டறையில் கற்றவருக்கு உரியது. பட்டத்தையே அறிவின் ஒரே அடையாளமாகக் கொண்டாடும் நம் சமூகத்தில் இது சிறிய செய்தி அன்று.

யார் செலவில் அந்த ஓராண்டு?

ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் பயிற்றுநரை அரசே இப்பயிற்சிக்கு அனுப்பும்போது அவருக்கு ஊதியம் தொடர்கிறது. வெளியிலிருந்து, வேலையை விட்டுவிட்டு வந்து சேர்பவருக்கு ஊதியம் இல்லை. கட்டணச் சலுகையும் கல்வி உதவித்தொகையும் கிடைத்தாலும், ஒரு குடும்பத்தை அவற்றால் நடத்த முடியாது.

முன்னும் பின்னும் உள்ள படிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசு ஐடிஐ மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் தகுதி பெறுவோருக்கு மாதம் ரூ.1,000 சேர்கிறது. தொழிற்சாலையில் பழகுநராகச் சேர்ந்தால், 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி குறைந்தபட்ச உதவித்தொகை கல்வித்தகுதிக்கு ஏற்ப ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை. பயிற்றுநராகப் பணியமர்ந்த பின் மாத ஊதியம். ஆக, மாணவனுக்கு ஏதோ கிடைக்கிறது. பழகுநருக்குக் கிடைக்கிறது. ஆசிரியருக்குக் கிடைக்கிறது. ஆசிரியராக மாறும் அந்த ஓராண்டில்தான் கை வெறுமையாகிறது.

அந்த நேரத்தில் அவருக்குப் பெரும்பாலும் இருபது வயது கடந்திருக்கும். வீட்டில் அவருடைய கூலியை எதிர்பார்த்துச் சிலர் இருப்பார்கள். நிலமோ சேமிப்போ உள்ள குடும்பம் அந்த ஓராண்டைத் தாங்கிக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாகச் சொத்து மறுக்கப்பட்ட குடும்பம் எதைக் கொண்டு தாங்கும்? தேர்வு எல்லோருக்கும் பொதுவானதாக இருக்கலாம். அந்த ஓராண்டு எல்லோருக்கும் பொதுவானதாக இல்லை.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. 2022 மே மாதத்தில் அபிராமபுரத்தை அடுத்த ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கால்வாய் ஓரத்து வீடுகள் இடிக்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தெற்கே தள்ளப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். கிண்டிக்கும் தரமணிக்கும் பக்கத்தில் இருந்தவர்களே அவற்றிலிருந்து தூரமாக்கப்பட்டார்கள். வருமானமில்லாத ஓராண்டில் பேருந்துக் கட்டணமும் போக்குவரத்து நேரமும் கூடுதல் சுமை.

சட்டம் தருவதும் தராததும்

தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் 3ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தனியார் நிறுவனங்கள் உட்பட, குறிப்பிடப்பட்ட தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்றது. தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டு நாம் பல்லாண்டுகளாகப் போராடுகிறோம். தனியார் தொழிற்சாலையின் பழகுநர் இடங்களில் அது சட்டமாகவே இருப்பது நம்மில் பலருக்கே தெரியாது.

ஆனால் இச்சட்டத்தில் மூன்று ஓட்டைகள் உள்ளன. முதலாவது, ஒதுக்கப்பட்ட இடங்களுக்குப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை எனில் அவற்றைப் பிறரைக் கொண்டு நிரப்பலாம் என்று விதிகள் அனுமதிக்கின்றன. ‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் எத்தனை வாய்ப்புகள் மறைந்தன என்பது நமக்குப் பழகிய கதை. இரண்டாவது, 18ஆம் பிரிவின்படி பழகுநர் ‘தொழிலாளர்’ அல்லர், பயிற்சியாளர் மட்டுமே. தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பு பெரும்பாலும் அவருக்கு இல்லை. மூன்றாவது, 22ஆம் பிரிவின்படி பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற பொதுக்கட்டாயம் முதலாளிக்கு இல்லை.

2014ஆம் ஆண்டுத் திருத்தம் ‘விருப்பத் தொழிற்பிரிவு’ என்ற புதிய வழியைத் திறந்தது. பொறியியல் சாராத துறைகள் உட்பட எந்தத் தொழிலிலும் வேலை அளிப்பவரே பழகுநர் பயிற்சியை வகுக்கலாம் என்பது அதன் சாரம். மலிவான உழைப்புக்கு இது வழிவகுக்கும் என்ற தொழிற்சங்கங்களின் அச்சம் நியாயமானது. எனினும் இதே வழியில் ‘பயிற்றுநர் பழகுநர்’ என்ற ஒரு பிரிவை அரசு தன் ஐடிஐகளிலேயே தொடங்க இடமிருக்கிறது. 3ஏ பிரிவின் வாசகம் குறிப்பிடப்பட்ட தொழிற்பிரிவுகளைப் பற்றியே பேசுவதால், புதிய பிரிவிலும் ஒதுக்கீடு உண்டு என்பதை அரசாணையிலேயே எழுதியாக வேண்டும்.

சென்னையிலிருந்து சென்ற ஒரு முறை

வேலை செய்தபடியே ஆசிரியராகப் பழகுவது எங்கோ கண்டுபிடித்த புதுமை அன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் அது ‘மதராஸ் முறை’ என்று புகழ்பெற்றது. 1846இல் இங்கிலாந்து அரசு அடுத்த படிக்குச் சென்றது. பதின்மூன்று வயதுச் சிறுவர் சிறுமியரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ‘மாணவ ஆசிரியர்’ ஆகப் பழக்கி, அவர்களுக்கு ஆண்டு உதவித்தொகையும் கொடுத்தது.

அந்தத் திண்ணைகளில் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடம் இருக்கவில்லை. முறை கடல் கடந்து போனது. பக்கத்துச் சேரிக்கு மட்டும் வரவில்லை.

1893இல் சென்னை மாகாண அரசு ‘பஞ்சமர்’ கல்விக்கென ஓர் ஆணை வெளியிட்டது. அதில் ஆசிரியப் பயிற்சி பெறும் நம் மக்களுக்குத் தனி உதவித்தொகை சேர்க்கப்பட்டிருந்தது. பள்ளிகளைத் திறந்தால் மட்டும் போதாது, அங்கிருந்தே ஆசிரியர்கள் எழ வேண்டும், பயிற்சிக் காலத்தில் அவர்கள் பசித்திருக்கக் கூடாது என்ற புரிதல் 130 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது.

இன்று இங்கிலாந்தில், பள்ளிக்குப் பிந்தைய தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கான ஆசிரியர் பணியையே பழகுநர் பயிற்சி வழியாக அடையலாம். கல்லூரி அவரை முதல் நாளே ஊதியத்துடன் பணியில் அமர்த்துகிறது. மூத்த ஆசிரியர் ஒருவர் வழிகாட்ட, அவர் வகுப்பெடுத்துக்கொண்டே படிக்கிறார். படிப்புக்கான நேரம் வேலை நேரத்திலேயே ஒதுக்கப்படுகிறது. பெருநிறுவனங்களின் ஊதியப் பட்டியலில் 0.5 விழுக்காட்டை 2017 முதல் வரியாகப் பெற்று, இத்தகைய பயிற்சிகளுக்கான செலவு ஈடுகட்டப்படுகிறது. அங்கும் பழகுநர் ஊதியம் குறைவு என்ற புகார் உண்டு. ஆனால் கற்பிக்கக் கற்பவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்ற அடிப்படை ஏற்கப்பட்டிருக்கிறது.

ஏன் இது சாதிக் கேள்வி?

சாதி என்பது வேலைகளை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்வோரையே மேல்கீழாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அந்த அடுக்கில் கை அழுக்காகும் வேலை கீழே இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் தேர்வு வைப்பதும் மேலே இருக்கின்றன. தோலைப் பதப்படுத்தியவர் தோல் தொழில்நுட்ப வல்லுநர் ஆகவில்லை. கால்வாயைத் தூர்வாரியவர் சுகாதாரப் பொறியாளர் ஆகவில்லை. செய்பவரைச் சொல்லிக் கொடுப்பவராக மாற்றுவது இந்த அடுக்கையே குலைக்கும் செயல்.

பயிற்சிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன் நிற்பவர் யார் என்பது மாணவரையும் பாதிக்கிறது. எந்திரத்தை யார் இயக்கிப் பழகுவது, யார் கூட்டிப் பெருக்குவது, எந்த நிறுவன நேர்காணலுக்கு யாரை அனுப்புவது, செய்முறைத் தேர்வில் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பனவெல்லாம் பயிற்றுநர் கையில் உள்ளவை. ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டவர் ஓர் ஆசிரியர் என்பதை நாம் மறப்பதற்கில்லை.

இப்போது இதைப் பேசக் காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகள் ரூ.2,877 கோடிச் செலவில், டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து நவீனப்படுத்தப்பட்டுள்ளன. ரோபோக்களும் கணினிவழி எந்திரங்களும் வந்திருக்கின்றன. அவற்றைக் கற்பிக்கப் போகிறவர்கள் யார் என்பது இந்த ஆண்டுகளில் முடிவாகும். ஒப்பந்தம், தொகுப்பூதியம், மணிக்கணக்கு எனப் பணியிடங்கள் நிரப்பப்படும்போது இடஒதுக்கீடு ஓசையின்றி நழுவும் ஆபத்து உண்டு. 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்பது ஒன்றிய அரசின் ஆணை. அது தாளில் உறங்கக் கூடாது.

நாம் கேட்பவை

ஒன்று: பயிற்றுநர் பயிற்சி பெறும் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு அந்த ஓராண்டு முழுவதும் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடான தொகையை மாநில அரசு வழங்க வேண்டும். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இதற்கான நிதிவழியைத் தருகிறது. தாட்கோ வழியாக இதை நடைமுறைப்படுத்தலாம்.

இரண்டு: அரசு ஐடிஐகளில் ஊதியத்துடன் கூடிய ‘பயிற்றுநர் பழகுநர்’ இடங்களை உருவாக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்ற மாநில ஒதுக்கீடு இதில் குறையாமல் பின்பற்றப்பட வேண்டும். நிரம்பாத இடங்களைப் பிறருக்கு மாற்றாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மூன்று: 3ஏ பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒதுக்கிய, நிரப்பிய, நிரப்பாத பழகுநர் இடங்களின் கணக்கை ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்க வேண்டும்.

நான்கு: ஒவ்வோர் அரசு ஐடிஐயிலும், பயிற்றுநர் பணியிடங்களின் இனச்சுழற்சிப் பட்டியல், ஒப்பந்தப் பணியாளர்கள் உட்பட, வெளியிடப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிதாக அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. இருக்கும் சட்டமும் இருக்கும் நிதியும் போதும். இதைப் படிக்கும் தோழர்கள் தம் பகுதியில் ஐடிஐ முடித்து வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளிடம், பட்டம் இல்லாமலும் ஆசிரியர் ஆகலாம் என்ற செய்தியைக் கொண்டு சேர்க்க வேண்டும். அவர்கள் விண்ணப்பிக்கத் தொடங்கினால்தான் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற பழைய சாக்கு பொய் என்று நிரூபணமாகும். விண்ணப்பித்தவர்கள் அந்த ஓராண்டைப் பசியின்றிக் கடக்க வழி செய்வது அரசின் கடமை. அதைச் செய்ய வைப்பது நம் இயக்கங்களின் வேலை.