அடுக்குமாடி சரி... பார்க் எங்கே? நெல்லையில் வீடு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

திருநெல்வேலியில் வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஜங்ஷனுக்கு எவ்வளவு தூரம், புது பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு தூரம்?" என்பதுதான். அடுத்த கேள்வி, தண்ணீர். "பிள்ளைகள் விளையாட இடம் இருக்கா?" என்ற கேள்வி பெரும்பாலும் பால் காய்ச்சிய பிறகுதான் வருகிறது.

ரயில், பஸ்ஸுக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வருவது நல்ல விஷயம்தான். நடந்தே போய் வண்டி பிடிக்கலாம். ஊருக்கு வெளியே வயல்கள் வீட்டுமனையாவதும் கொஞ்சம் குறையும். ஆனால், பத்துக் குடும்பங்கள் இருந்த இடத்துக்கு ஐம்பது குடும்பங்கள் வரும்போது, முன்பு வீட்டு முற்றமும் கொல்லைப்புறமும் செய்த வேலையை யார் செய்வது? அதற்குத்தான் பூங்கா, நடைபாதை, கட்டடத்தைச் சுற்றி விடும் காலியிடம் எல்லாம்.

சட்டம் சொல்வது என்ன?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் இதற்குக் கணக்கு இருக்கிறது. மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் (சுமார் 74 சென்ட்), சாலை போக மீதியில் 10 சதவிகிதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். இதைத்தான் 'ஓ.எஸ்.ஆர் நிலம்' என்கிறார்கள். 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழியுண்டு. அதற்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், நிலமாகவே தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரத் தாளில் 'பார்க்' என்று பச்சை வண்ணம் அடித்த இடம் ஓ.எஸ்.ஆர் நிலமாக இருந்தால், அது குடியிருப்பின் சொத்து அல்ல, ஊருக்கே பொது. கேட் போட்டுப் பூட்டவும் முடியாது, அதில் ஹால் கட்டவும் முடியாது.

18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயர்மாடிக் கட்டடம். 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். தீயணைப்பு வண்டி சுற்றி வர அந்த இடம்தான் வழி. அங்கே ஷெட் போட்டுக் கார் நிறுத்தினால், ஆபத்து நேரத்தில் அடைபடுவது நம் உயிர்வழி.

குளமும் வெள்ளமும்

நெல்லைக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தண்ணீர்க் கணக்கு. இப்போதைய புது பஸ் ஸ்டாண்ட் இருப்பதே வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, ஜங்ஷன் பகுதி வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிமென்ட் பூசாத ஒவ்வொரு திறந்தவெளியும் மழைநீரைக் கொஞ்சமாவது உள்ளே வாங்கிக்கொள்ளும். பூங்கா என்பது அழகுக்கு மட்டுமல்ல.

கால்வாய்க் கரையில் நடக்கலாமே!

புதிதாக இடம் தேடத் தேவையில்லை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயும், பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாயும் வீடுகளுக்கு நடுவே ஓடுகின்றன. ஆக்கிரமிப்பையும் சாக்கடைக் கலப்பையும் தடுத்து, கரையில் மரம் வைத்தால், பல கிலோமீட்டர் நடைபாதை தயார். ஆட்டோ, பஸ் இடிக்காமல் குழந்தைகள் பள்ளிக்கு நடக்கலாம்; பெரியவர்கள் காலையில் வாக்கிங் போகலாம்.

சிங்கப்பூர் இதைச் செய்து காட்டியிருக்கிறது. பூங்காக்களை இணைக்கும் பாதைகளை, கால்வாய் ஓரங்களையும் பயன்படுத்தியே 300 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். பீஷான் பகுதியில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 2012-ல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். மழை இல்லாத நாளில் கரையெல்லாம் புல்வெளி; பெருமழையில் அதே புல்வெளி வெள்ளத்தைத் தாங்கும் இடம். சுற்றிலும் இருப்பவை அடுக்குமாடிகள்தான்!

முன்பணம் கொடுக்கும் முன்...

* அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேளுங்கள். திட்டம் 'ரெரா'வில் பதிவாகியிருந்தால், அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம்.
* ஓ.எஸ்.ஆர் நிலம் எங்கே, தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா?
* சுற்றிலும் விட்ட இடம் வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா? டேப் வைத்தே அளந்து பார்க்கலாம்.
* பக்கத்தில் குளம், ஓடை, கால்வாய் உண்டா? 2023-ல் தண்ணீர் எதுவரை வந்தது? தெருக்கோடி டீக்கடையில் கேட்டால் சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

வீட்டுக்குள் எத்தனை அறை என்பதை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கதவைத் திறந்து வெளியே வந்தால் கால் வைக்க எவ்வளவு இடம் என்பதையும் சேர்த்தே எண்ணிவிடுவோம்!