சாமி, எனக்குச் சுகர், ஒருசந்தி இருக்கலாமா?



தவக்காலம் வந்துவிட்டால் பங்கு இல்லத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் காலை உணவை விட்டுவிட்டு வந்திருப்பார். மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருப்பார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்சுலின் ஊசியும் சிலவகை மாத்திரைகளும், நாம் சாப்பிடுவோம் என்ற கணக்கில் கொடுக்கப்படுபவை. சாப்பாடு வராவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். சிலுவைப்பாதையில் பக்கத்தில் நிற்பவர் இப்படித் தடுமாறினால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பகலெல்லாம் பட்டினி கிடந்தவர் மாலையில் என்ன செய்கிறார்? இரண்டு குவளை கஞ்சி குடிக்கிறார். புனித வெள்ளிக் கஞ்சியை நான் குறை சொல்லவில்லை; நானும் வரிசையில் நிற்பவன்தான். ஆனால் குழைய வெந்த அரிசி வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஒரே ஏற்றாக ஏற்றும். கேழ்வரகுக் கூழ் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். மாவாக அரைத்துக் கரைத்தபின் அதுவும் ஏறக்குறைய அப்படித்தான். பகலில் பள்ளம், இரவில் மேடு. உடலுக்கு இரண்டும் கேடு.

நேரம் தவறாமல் அளவோடு சாப்பிடுவதுதான் சர்க்கரையைச் சீராக வைக்கும். தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு சோறு, மீதிக் கால்பங்கு பயறோ மீனோ முட்டையோ. முதலில் காயும் பயறும், பிறகு சோறு: இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். சாறு பிழிந்து குடிக்காமல் கொய்யாவைக் கடித்துத் தின்னுங்கள். இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு.

இனி சட்டத்துக்கு வருவோம். ஒருசந்தி கடமையான நாள்கள் திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் மட்டுமே. 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கே அந்தக் கடமை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்பது திருச்சபையின் பழைய போதனை. "பாவம் இல்லையா சாமி?" என்று இழுக்க வேண்டாம். மாத்திரையைத் தள்ளிப்போடுவதோ அளவைக் குறைப்பதோ மருத்துவர் சொல்லாமல் செய்யக்கூடாது. ஒறுத்தல் வேண்டுமென்றால் இரண்டாம் முறை சோறு வாங்குவதை விடுங்கள், காப்பியில் சர்க்கரையை விடுங்கள். சுகர்காரருக்கு அது சின்ன ஒறுத்தல் அல்ல.

நற்கருணைக்கு முன் ஒரு மணிநேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கிலும் தண்ணீரும் மருந்தும் தடையில்லை. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். சட்டம் 919 அதைத் தெளிவாகவே சொல்கிறது. காலை முதல் பூசைக்கு வரும் பெரியவர்கள் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள். பையில் செபமாலையோடு நான்கு மிட்டாயும் இருக்கட்டும்.