உறுமிச் சத்தத்துக்கு அழும் பிள்ளை

நெகிரி செம்பிலானில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. உறுமி மேளம் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகள் அதன் பக்கம் ஓடினார்கள். நான்கு வயதான என் மகன் மட்டும் காதுகளைப் பொத்திக்கொண்டு வீரிட்டு அழுதான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க டீச்சர், ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. புதுச் சட்டையின் லேபிள் கழுத்தில் பட்டாலும் அவன் இப்படித்தான் அழுவான். அடம் என்று நினைத்து நானும் அடித்திருக்கிறேன். அறிவியல் ஆசிரியையாக இருந்தும் எனக்குக் காரணம் தாமதமாகத்தான் புரிந்தது.

மாணவர்களே, உங்கள் சட்டை முதுகில் படுவதை இப்போது உணர்கிறீர்களா? நான் கேட்கும்வரை உணர்ந்திருக்க மாட்டீர்கள். மாறாமல் இருக்கும் தூண்டலைத் தோலின் உணர்வேற்பிகளும் மூளையும் மெல்லமெல்லப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றன. சில பிள்ளைகளுக்கு இந்த வடிகட்டல் சரியாக நடப்பதில்லை. லேபிள் உறுத்திக்கொண்டே இருக்கும். உறுமிச் சத்தம் வலியாகவே தெரியும்.

ஐம்புலன்களைப் பற்றி மூன்றாம் படிவத்தில் படிக்கிறோம். இன்னும் இரண்டு உணர்வுகள் உண்டு. உட்காதின் அரைவட்டக் குழல்கள் உடலின் சமநிலையை உணர்த்துகின்றன. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள ஏற்பிகள் கைகால் எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. கண்ணை மூடி மூக்கைத் தொட்டுப் பாருங்கள், புரியும். இவை அனைத்தையும் மூளை ஒருங்கிணைப்பதை ஆராய்ந்தவர் அமெரிக்கரான ஜீன் ஏயர்ஸ். இதுபற்றிய அவரது நூல் 1972இல் வெளிவந்தது.

2013இல் வந்த டிஎஸ்எம்-5 மருத்துவக் கையேடு இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக மட்டுமே குறிப்பிடுகிறது. ஆனால் இந்தச் சிரமம் உள்ள எல்லாருக்கும் ஆட்டிசம் இருப்பதில்லை.

ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், பண்ணையில் மாடுகளை இரு பலகைகளுக்கு இடையே மெல்ல அழுத்தியதும் அவை அமைதியாவதை இளம் வயதில் கண்டார். தமக்கும் அப்படி ஓர் அழுத்தும் கருவி செய்துகொண்டார். நம் பாட்டிமார் கட்டிய சேலைத் தொட்டிலும் பிள்ளையை அணைத்துப் பிடித்துச் சீராக ஆட்டியதுதானே!

அரசாங்க கிளினிக்கில் காட்டியபோது, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் 'சாராகெர்ஜா' சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழி பொருந்தாது. என் மகனுக்கு லேபிளை வெட்டிவிட்டோம். சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னோம். தண்ணீர் வாளி தூக்கவும் தள்ளுவண்டி தள்ளவும் விட்டோம். தசைகளுக்கு வேலை கிடைத்தால் அவன் அமைதியாவான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். கேலி செய்யாதீர்கள். "எது உறுத்துது?" என்று கேளுங்கள்.

இவ்வாண்டுத் திருவிழாவில் என் மகன் தூரத்து ரம்புத்தான் மரத்தடியில் நின்றான். உறுமி முழங்கியதும் காதைப் பொத்தினான். சற்று நேரம் கழித்து, ஒரு கையை மட்டும் எடுத்தான்.