நாலு மணிக் காப்பித் தாத்தா

மகளின் தலைப்பிரசவத்துக்காக 2023 ஜனவரியில் அமெரிக்கா கிளம்புகிறேன் என்றதும், எங்கள் உறையூர்த் தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். “குளிருக்குக் கம்பளி வாங்கிக்கோ”, “நாலு வார்த்தை இங்கிலீஷ் பழகிக்கோ.” இரண்டும் வீண். மாப்பிள்ளைக்கு வேலை ஃப்ளாரிடாவில், மயாமியை ஒட்டிய ஹயலியா என்ற ஊரில். கம்பளிக்கு அங்கே வேலையே இல்லை. இங்கிலீஷும் அப்படித்தான். கடைப் பலகையிலிருந்து ரேடியோ வரை எல்லாம் ஸ்பானிஷ்! கியூபா தீவிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் அந்த ஊரில் பெரும்பாலோர்.

மகள் இருந்தது ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் உள்ள வீடு. அடுத்த பாதியில் ஒரு தாத்தா, அவருடைய மகள், நர்ஸ் வேலை பார்க்கும் பேத்தி. ஸ்பானிஷில் தாத்தாவை ‘அபுவேலோ’ என்பார்கள். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வயசு எழுபத்தைந்து.

பழக்கம் சீரகத்தில் ஆரம்பித்தது. ஒருநாள் நான் ரசத்துக்குச் சீரகம் வறுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார். வாசனை தொந்தரவாக இருக்கிறதாக்கும் என்று பயந்துபோனேன். அவரோ மூக்கைத் தொட்டுக் காட்டி, “கோமினோ!” என்று சிரித்தார். அவர்களும் கறுப்பு பீன்ஸை வெங்காயம், குடமிளகாய், பூண்டு, சீரகம் போட்டுத்தான் சமைக்கிறார்கள், சாதத்தோடு சாப்பிடுகிறார்கள். மறுநாள் ஒரு கிண்ணம் வந்தது. நான் ரசம் கொடுத்தேன். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் ஊற்றி அவர் மகள் கொடுத்தனுப்புவாள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

சாயங்காலம் நாலு மணியானால் அபுவேலோ வீட்டில் காப்பி. அந்தப் பக்குவத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அடுப்பில் வைக்கிற சின்ன இரும்புக் கூஜா மாதிரி ஒன்று. அடியில் தண்ணீர், நடுவில் நைஸ் காப்பித்தூள். கொதித்ததும் டிகாக்ஷன் மேல் அறைக்கு ஏறும். முதலில் ஏறும் சில சொட்டுகளை மட்டும் எடுத்து, சர்க்கரையோடு சேர்த்து ஸ்பூனால் அடிஅடியென்று அடிப்பார். சர்க்கரை வெளுத்து நுரையாகும். அதன்மேல் மீதி டிகாக்ஷனை ஊற்றினால் நுரை மேலே மிதக்கும். பால் கிடையாது. குழந்தைக்கு மருந்து கொடுக்கிற அளவு சின்னக் கப்பில் தெருவில் வருவோர் போவோருக்கெல்லாம் கொடுப்பார். தான் மட்டும் சர்க்கரை போடாமல் ஒரு வாய் குடிப்பார். அவருக்கு நீரிழிவு.

அந்த நீரிழிவுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அவர் மகள் மெல்ல மெல்லச் சொன்னாள், என் மகள் எனக்கு மொழிபெயர்த்தாள்.

1961-ல் அவருக்குப் பதினாலு வயசு. ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து அரசாங்கமே வளர்க்கப்போகிறது என்ற வதந்தி வீட்டுக்கு வீடு பரவியது. பயந்துபோன பெற்றோர், கத்தோலிக்கத் திருச்சபையின் ஏற்பாட்டில் பிள்ளைகளைத் தனியாக விமானம் ஏற்றி மயாமிக்கு அனுப்பினார்கள். 1960 டிசம்பரிலிருந்து 1962 அக்டோபர் வரை பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள்! ‘பீட்டர் பான்’ திட்டம் என்று அதற்குப் பெயர். நாலைந்து மாசத்தில் நாமும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றுதான் பெற்றவர்கள் நினைத்தார்கள். 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடி வந்தது. விமானங்கள் நின்றன. பிள்ளை ஒரு கரை, தாய் ஒரு கரை.

ஹவானா விமான நிலையத்தில் புறப்படுகிறவர்களை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைப்பார்களாம். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் மீன்தொட்டி. உள்ளே இருப்பவரைப் பார்க்கலாம், பேசினால் கேட்காது. கண்ணாடிக்கு வெளியே நின்று அவருடைய அம்மா திரும்பத் திரும்ப ஏதோ சொன்னார். வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. அதோடு விமானம் ஏறிவிட்டார்.

கொஞ்ச நாள் மயாமியில் பையன்களுக்கான முகாம். பிறகு பனி கொட்டும் வடக்கு ஊர் ஒன்றில் யாரோ ஒரு குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளை. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாது. அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று இரவெல்லாம் யோசிப்பாராம். ‘கடவுளை மறக்காதே’ என்றிருப்பாரோ, ‘என்னை மன்னித்துவிடு’ என்றிருப்பாரோ?

1965 டிசம்பரில் கியூபாவிலிருந்து மறுபடி விமானங்கள் விட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை முன்னால் அனுப்பியவர்களுக்கு முன்னுரிமை. 1966-ல் அப்பா அம்மா வந்து இறங்கினார்கள். போனது பதினாலு வயசுப் பையன், எதிரே நின்றதோ பத்தொன்பது வயசு ஆண்பிள்ளை. கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அன்னிக்கு என்னம்மா சொன்னே?”

“ஸ்வெட்டரைப் போட்டுக்கோடான்னேன். நீ கேட்கவே இல்லை.”

இதைச் சொல்லிவிட்டு அவர் மகள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மயாமியில் ‘சுதந்திர கோபுரம்’ என்று 1925-ல் கட்டிய ஓர் உயரமான கட்டடம் இருக்கிறது. அகதிகளைப் பதிவு செய்து, பாலாடைக்கட்டியும் டப்பா மாமிசமும் கொடுத்த இடம் அது. அவர் பெற்றோரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். காரில் அந்த வழியாகப் போனால் அபுவேலோ தொப்பியைக் கழற்றுவார்.

பிள்ளை கைக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 1967-ல் ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. குடியுரிமை இல்லாவிட்டாலும், நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்ற வாலிபர்களையும் கட்டாயப் படைக்கு எடுக்கலாம் என்பது சட்டம். வியட்நாமுக்குப் போனார், 1968 கடைசியில் திரும்பினார். அந்தத் தாய் இரண்டாவது தடவையும் விமான நிலையத்தில் நின்றிருக்கிறாள் பாருங்கள்.

வியட்நாம் காடுகளில் இலைகளை உதிரவைக்க அமெரிக்க விமானங்கள் ஒரு விஷ மருந்தைத் தெளித்தன. ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ என்று பெயர். அங்கே இருந்த சிப்பாய்களுக்குப் பிற்காலத்தில் வரும் நீரிழிவை, அந்த மருந்தோடு சம்பந்தப்பட்ட நோயாக 2001-லும், மாரடைப்பு வகை இருதய நோயை 2010-லும் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அபுவேலோவுக்கு இரண்டும் இருந்தன. தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்வார், எங்காவது கீறல் இருக்கிறதா என்று. திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டேன்.

இனிமேல் சொல்வது என் தப்பைப் பற்றி.

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். சுக்கு, பூண்டு, பிரசவ லேகியம் என்று நான் பத்தியச் சமையலில் மும்முரமாகிவிட்டேன். மூன்று வாரம் கழிந்தும் மகள் முகத்தில் களையே இல்லை. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்கமாட்டாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள், திடீரென்று அழுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “நாங்கள்லாம் புள்ளை பெக்கலையா? எல்லா வசதியும் இருக்கிறப்போ என்னடி அழுகை?” என்று ஏசினேன். ஏச்சைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியாமல் அழப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் நாலு மணிக்குக் காப்பி கொண்டுவந்த அபுவேலோ அவளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, எனக்குப் புரியும்படி நிதானமான இங்கிலீஷில், “எத்தனை மணி நேரம் தூங்குகிறாள்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை!

அன்று ராத்திரி தன் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். நர்ஸ் அல்லவா? அவள் என் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். குழந்தையை ஒரு மாதத்தில் டாக்டரிடம் காட்டும்போது, தாயின் மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். என் மகள் எல்லாவற்றுக்கும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே குறித்துவிட்டு வந்திருந்தாள். “ஏன் பொய் எழுதினே?” என்று கேட்டேன். “அம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தியே” என்றாள்.

மறுநாளே டாக்டருக்குப் போன் செய்தோம். தாய்ப்பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரையும், வாரம் ஒருநாள் மனநல ஆலோசனையும் ஆரம்பமாயின. பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம்தானாம், இரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடுமாம். அதற்கு மேலும் நீடித்தாலோ, தூக்கமே வராமல் போனாலோ அது நோய், மருத்துவம் உண்டு என்று அந்த நர்ஸ் பெண் எனக்கு விளக்கினாள். இங்கே படிக்கிற சகோதரிகளில் என்னைப் போல வாய்த்துடுக்கான அம்மாக்கள், மாமியார்கள் இருந்தால் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு ஒருநாள் கேட்டேன். போரிலிருந்து திரும்பிய பிறகு இரவெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ‘உயிரோட வந்துட்டே, சந்தோஷமா இரு’ என்றார்களாம் எல்லோரும். அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அமெரிக்க டாக்டர்கள் புத்தகத்தில் எழுதியதே 1980-ல்தான். “தூங்காத முகம் எனக்குத் தெரியும், ஸெஞோரா” என்றார். அம்மா என்று நாம் மரியாதையாகச் சொல்வதைப் போல அது.

அன்றிலிருந்து தினமும் நாலிலிருந்து ஐந்து மணி வரை குழந்தை அவர் மடியில். மகள் தூங்குவாள். என்னையும் அடுப்படியை விட்டு வெளியே இழுத்து உட்காரவைத்தார். வாசல் மேஜையில் நண்பர்களோடு டோமினோ ஆடுவார். அவர்கள் கட்டில் ஐம்பத்தைந்து வில்லைகள். வில்லைகள் ‘டக், டக்’ என்று விழுகிற சத்தத்தில் என் பேத்தி ஆனந்தமாக உறங்குவாள்.

திருஷ்டி நம்பிக்கை அவர்களுக்கும் உண்டு. ‘அஸபாச்சே’ என்ற கறுப்புக் கல்லைச் சிவப்பு மணியோடு சேர்த்துக் குழந்தையின் சட்டையில் குத்துவார்கள். எங்களுக்கும் ஒன்று கொடுத்தார். ஊக்கு குத்திவிடும் என்று தொட்டிலில் கட்டாமல் வாசல் கதவில் தொங்கவிட்டோம், பக்கத்தில் என் எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

ஜூலையில் ஊர் திரும்பினேன். ஆறு மாதம் முடிந்ததும் குழந்தைக்கு அவர் சொன்னபடி ‘மலாங்கா’ கொடுத்திருக்கிறாள் மகள். நம் சேப்பங்கிழங்கின் ஒன்றுவிட்ட சகோதரி. குழைய வேகவைத்து மசித்துக் கொடுப்பது. கியூபாக் குழந்தைகளுக்கு முதல் ஆகாரமே அதுதான்.

2024 அக்டோபரில் அபுவேலோ தூக்கத்திலேயே போய்விட்டார். இருதயம். லேக் வொர்த் பக்கம் போர் வீரர்களுக்கென்று 2007-ல் திறந்த அரசாங்க மயானத்தில் அடக்கம். இங்கே இரவு எட்டரை மணி, மகள் போனில் காட்டினாள். சீருடையில் இரண்டு பேர் நின்றார்கள். ஊதுகுழலில் ஒரு சின்ன ராகம், இருபத்துநாலு ஸ்வரம்தான். பெட்டிமேல் இருந்த கொடியை மடித்து மடித்து, நட்சத்திரம் மட்டும் தெரிகிற முக்கோணமாக்கி, ஒருவர் முழங்காலிட்டு அவர் மகள் கையில் கொடுத்தார். அப்போது என் பேத்தி “அபுவேலோ, காப்பி” என்று சத்தமாகச் சொல்வது போனில் கேட்டது. ஒன்றே முக்கால் வயசு, அவளுக்கு என்ன தெரியும்.

மகளுக்கு அடுத்த மாசியில் இரண்டாவது பிரசவம். பெட்டியில் சுக்கு, ஓமம், காப்பித்தூள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கூஜாவை அவர் மகள் எங்களுக்கே கொடுத்துவிட்டாளாம். சர்க்கரையை அவ்வளவு நேரம் அடிக்க என் கைக்கு வருமா என்று இங்கேயே ஸ்பூனும் டம்ளருமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.