வகுப்பறை மடிக்கணினி: தடையும் உரிமையும்

குறிப்பெடுப்பதற்கென்று திறக்கப்படும் மடிக்கணினி, விரிவுரை பாதியை எட்டுமுன் கடைத்தெருவாகவும் அரட்டைத் திண்ணையாகவும் மாறிவிடுவதை அமெரிக்கப் பேராசிரியர்கள் பலர் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்வோரிற் சிலரோ ஒரே வரியில் கருவியையே தடைசெய்துவிடுகின்றனர். இரண்டுமே பிழை.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், மாணவரின் இணையப் பயன்பாடு முழுவதும் தன் வழியே சென்று பதிவாகுமாறு அமைந்த இடைக்கணினியாகிய பிராக்சி சர்வரைக் கொண்டு சூசன் ரவிட்சா குழுவினர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், 1 மணி 50 நிமிட வகுப்பில் சராசரியாக 37 நிமிடம் பாடத்துக்குப் புறம்பான தளங்களிற் கழிந்திருந்தது. அந்நேரம் கூடக்கூட இறுதித் தேர்வு மதிப்பெண் குறைந்தது. அதைவிடக் கொடுமை அண்டை இருக்கைக்கு நேர்வது: கனடாவில் 2013இல் வெளியான ஒரு பரிசோதனையில், பிறர் திரையில் ஓடுவது கண்ணிற்படும்படி அமர்ந்தவர்கள், அவ்வாறு அமராதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக மதிப்பெண் பெற்றனர்.

ஆயினும் முழுத்தடை, கையால் எழுத இயலாத மாணவரின் உரிமையைப் பறிக்கக் கூடாது. அமெரிக்கக் கூட்டரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களை, மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தலாகாது என்னும் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், அம்மாணவர் பருவம் தொடங்குமுன்பே மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகத்திற் பதிந்து, நோயின் பெயரை மட்டுமன்றி அது எழுதுவதை எவ்வாறு தடுக்கிறது என்பதையும் கூறும் மருத்துவச் சான்றை அளித்து, தகவமைப்புக் கடிதம், அதாவது இன்ன வசதி தரப்பட வேண்டும் என்று அவ்வலுவலகம் ஆசிரியருக்கு எழுதும் ஆவணம், பெற வேண்டும். ஆசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லிவைத்தால் போதும் என்றிருப்பது வீண். கடிதம் மின்னஞ்சலிற் சென்றதற்கான சான்று கையில் இருத்தல் வேண்டும். தேர்வில் தவறிய பின் பெறும் கடிதம் பொதுவாகப் பழைய மதிப்பெண்ணை மாற்றாது.

தடைசெய்த வகுப்பில் ஒருவர் மட்டும் மடிக்கணினி வைத்திருந்தால் அவரது குறைபாடு ஊரறியச் செய்யப்படுகிறது என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. கடைசி வரிசையை மடிக்கணினிக்கென யாவருக்கும் பொதுவாக ஒதுக்கிப் பாடத்திட்டக் குறிப்பில் எழுதிவிட்டால், பின்னால் எவரும் இல்லாமையால் திரை பிறர் கண்ணைப் பெரிதும் இழுக்காது. உரிமை பெற்றவரும் தனித்துத் தெரியார்.

வசதி மறுக்கப்பட்டால் நிறுவனத்தின் 504ஆம் பிரிவு ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அங்கும் தீராவிடில் கூட்டரசுக் கல்வித்துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்திற் புகார் அளிக்கலாம். அதற்குரிய கெடு, மறுப்பு நிகழ்ந்த நாளிலிருந்து 180 நாட்கள்.