வயலில் பூச்சிமருந்து, வயிற்றில் பிள்ளை: சந்தேகங்களும் விளக்கங்களும்

பிசான நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்ததும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் மருந்தடிப்பு தொடங்கிவிடும். களையெடுக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாசமாக இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் சில கேள்விகள்:

நான் மருந்து அடிப்பதில்லையே, எனக்கென்ன பயம்?

டேங்கை முதுகில் சுமப்பவர் கணவர். சாயங்காலம் அவர் கழற்றிப்போடும் சட்டையையும் கைலியையும் கையால் கசக்கித் துவைப்பது யார்? மருந்து தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். அந்தத் துணியை அவரே தனியாக அலசட்டும். வீட்டுத் துணியோடு சேர்க்கவே கூடாது. தெளிப்பானைக் கால்வாய்ப் படித்துறையில் கழுவுகிறார்கள். நாலு படி தள்ளி ஒரு பெண் குளித்துக்கொண்டிருப்பாள். இதை ஊரே சேர்ந்து நிறுத்த வேண்டும்.

எந்த மாதத்தில் ஆபத்து அதிகம்?

கரு உருவான நான்கு வாரத்துக்குள் மூளை, தண்டுவடத்துக்கு அடிப்படையான நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. உண்டானதே பலருக்கு அப்போது தெரியாது. அதனால் பிள்ளைக்கு எண்ணும்போதே மருந்தடித்த வயலை விட்டு விலகுங்கள்; ஃபோலிக் அமில மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டு அப்போதே தொடங்குங்கள்.

பின்மாதங்களிலும் மூளை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. கர்ப்பகாலச் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் மருந்தின் சுவடு மிக அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட 7 வயதில் நுண்ணறிவு அளவீட்டில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தனர். நம் ஊரில் அடிக்கும் குளோர்பைரிபாஸ் இந்த வகை மருந்துதான்.

ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்களே?

ஐந்தாம் மாத ஸ்கேன் உறுப்புகளின் அமைப்பைக் காட்டும், மூளையின் திறனைக் காட்டாது. ஆனாலும், ஒருநாள் மருந்து வாடை பட்டதற்காகப் பிள்ளைக்குக் குறை வந்துவிடும் என்று பதற வேண்டாம். பரிசோதனைக்குப் போகும்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

அரசு அனுமதித்த மருந்துதானே? பச்சை முக்கோணம் போட்டிருந்தால் பயமில்லையே?

சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள், உள்ளே போனால் உடனே எவ்வளவு விஷம் என்பதைச் சொல்பவை. கருவை என்ன செய்யும் என்பதற்கு அவை அத்தாட்சி அல்ல. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்பானும் அனுமதி பெற்ற மருந்தாகத்தான் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதைத் தடுத்தது.

காய்கறி, பழத்தை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், தோல் சீவ முடிந்தவற்றைச் சீவுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

எச்சில் பெருகுதல், வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத்திணறல் தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மருந்து டப்பாவின் லேபிளை மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தது.

வயல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். களைக்கு ஆள் கூப்பிடும்போதே மருந்தடித்த நாளைச் சொல்லிவிடுங்கள். கூலி போய்விடுமே என்றுதான் மாசமான பெண்ணும் வயலில் இறங்குகிறாள். அவளுக்கு மருந்து படாத வேறு வேலை கொடுங்கள், அதே கூலிக்கு.