ஜுபைலில் நிற்கும் கடன்

ஜுபைலில் வேலை செய்த எம்மவர்களுக்கு வெள்ளிக்கிழமையை மறக்க முடியாது. கிழமையில் ஒரேயொரு லீவு நாள். காலையில் உடுப்புத் தோய்த்து, மத்தியானம் கூட்டுச் சமையல் முடித்து, பின்னேரம் ஊருக்கும் வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களுக்கும் ரெலிபோன் எடுப்போம். ஒரு அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் சொல்வது ஒரே பொய்தான்: "எனக்கு இங்க ஒரு குறையுமில்லை. அடுத்த மாதம் காசு வரும்." ரெலிபோனை வைத்த பிறகு அவரவர் கட்டிலில் இருந்து கடன் கொப்பியைப் புரட்டுவோம்.

இன்று இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் நாம், 2012 முதல் 2016 வரை சவூதியின் அந்த ஊரில் இருந்தோம். சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட எமக்குச் சட்டம் படித்த அறிவு கிடையாது. பட்ட அறிவுதான் உண்டு. இந்தப் பக்கத்தை வாசிக்கும் குடும்பங்களில் பல அண்மையில் வந்து குடியேறியவை. உங்களில் பலருக்கு ஒரு அண்ணையோ தம்பியோ மச்சானோ வளைகுடா நாடுகளில் இருக்கக்கூடும். அவருடைய கொப்பியில் உங்கள் பெயரும் எழுதப்பட்டிருக்கக்கூடும். அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

விமானம் ஏறமுன்னரே தொடங்கும் கடன்

ஜுபைல் ஒரு காலத்தில் முத்துக் குளிப்பவர்களும் மீனவர்களும் வாழ்ந்த சிறு கடற்கரைப் பட்டினம். 1975 இல் சவூதி அரசு ஜுபைலுக்கும் யான்புவுக்குமாக ஒரு ஆணைக்குழுவை அமைத்து, அங்கே கைத்தொழில் நகரங்களைக் கட்டத் தொடங்கியது. இன்று அது எண்ணெய், இரசாயன, உரத் தொழிற்சாலைகளின் நகரம். புகைபோக்கிகளின் வெளிச்சத்தில் இரவும் பகல் மாதிரி இருக்கும்.

சவூதித் தொழிற்சட்டத்தின் 40 ஆம் பிரிவின்படி, வெளிநாட்டுத் தொழிலாளியை எடுக்கும் செலவு, இக்காமாச் செலவு, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் ரிக்கற் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. நாம் போகும்போது இது எமக்குத் தெரியாது. ஊரில் சப் ஏஜென்ட் கேட்ட காசை அம்மாவின் சங்கிலியையும் அக்காவின் காப்பையும் அடைவு வைத்துக் கொடுத்தோம். ஆக, முதல் சம்பளம் வாங்கமுன்னரே கடன்காரராகிவிட்டோம். எமது சம்பளம் 1,600 ரியால். நகையை மீட்க இரண்டு வருடம் பிடித்தது.

கிரேன் அண்ணையின் கணக்கு

எமது அறையில் மூத்தவர் கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு அண்ணை. கிரேன் ஓட்டுபவர். அடிப்படைச் சம்பளம் 3,500 ரியால், ஓவர்டைமுடன் 4,500. எமக்கெல்லாம் அவர் பணக்காரர்.

2014 இல் அவர் வங்கியில் 36,000 ரியால் கடன் எடுத்தார். தம்பியை லண்டனுக்கு அனுப்பிய ஏஜென்சிக் காசின் பெரும்பகுதி அதுதான். பிறகு தங்கச்சியின் கலியாணத்துக்குக் கடனட்டையைத் தேய்த்தார். அதுவும் போதாமல் பக்கத்து முகாமில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் 6,000 ரியால் வாங்கினார். அதற்கு மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி.

அவருடைய மாதக் கணக்கு இது: வங்கித் தவணை 900, கடனட்டைக்குக் குறைந்தபட்சம் 450, வட்டி 600, சீட்டு 500, வீட்டுக்கு 1,400, சாப்பாடும் ரெலிபோனும் 450. கூட்டினால் 4,300. கையில் மிஞ்சுவது 200 ரியால். 600 ரியால் வட்டி கட்டியும் அந்த 6,000 இல் ஒரு ரியாலும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சவூதி மத்திய வங்கியின் விதி, வங்கிக் கடன் தவணைகள் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. வங்கியின் கண்ணில் அண்ணையின் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. சீட்டும் வட்டிக்காரரும் வங்கியின் கொப்பியில் இல்லையே!

2014 நடுப்பகுதியிலிருந்து எண்ணெய் விலை விழுந்தது. 2015 இல் எமக்கு ஓவர்டைம் நின்றது. அண்ணைக்கு மாதம் 800 ரியால் துண்டு விழுந்தது. வருட முடிவில் சம்பளமே நான்கு மாதம் பிந்தியது. இது எமது கம்பனிக்கு மட்டும் நடந்ததல்ல. 2016 இல் சவூதியில் ஆயிரக்கணக்கான கட்டடத் தொழிலாளர் மாதக்கணக்கில் சம்பளமின்றி முகாம்களில் கிடந்தார்கள். அந்த வருடம் ஆகஸ்டில் இந்திய அரசு தன் அமைச்சர் வி. கே. சிங்கையே அங்கு அனுப்பவேண்டி வந்தது.

ஓடினால் கடன் முடியுமா?

அறையில் எல்லோருக்கும் வந்த முதல் யோசனை, லீவில் போய்த் திரும்பி வராமல் விடுவது. 2015 இல் ஒரு வெல்டர் தம்பி அப்படித்தான் செய்தார். அவர் வட்டிக்கு வாங்கிய 12,000 ரியாலுக்கு நாம் மூன்று பேர் பிணை நின்றிருந்தோம். அவர் போன பிறகு வட்டிக்காரர் எமது வாசலுக்கு வந்தார். ஆளுக்கு 4,000. நாம் மாதம் 250 ரியாலாகப் பதினாறு மாதம் கட்டினோம். அந்தத் தம்பி கெட்டவர் அல்லர், பயந்தவர். ஆனால் அவருடைய பயத்தின் விலையை வேறு மூன்று குடும்பங்கள் கட்டின.

அவருக்கும் அது நல்லதாக முடியவில்லை. திரும்பி வராதவருக்கு அந்நாளில் மூன்று வருடம் மீண்டும் வேலை விசாவில் வரத் தடை. வங்கிக் கடனும் அழியாமல் அவர் பெயரில் நின்றது.

கையெழுத்து வைத்த கடன் பத்திரம் இருந்தால் இன்னும் சிக்கல். 2012 இல் வந்த அமலாக்கச் சட்டத்தின்படி கடன் கொடுத்தவர் அந்தப் பத்திரத்தோடு நேரே அமலாக்க நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டாவிட்டால் பயணத் தடை வரும், வங்கிக் கணக்கு முடங்கும். எனவே வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள் என்று உங்கள் சகோதரத்துக்குச் சொல்லுங்கள். மற்றவருடைய கடனுக்குப் பிணை நிற்பதென்றால், அதை நாமே கட்டுவதாக நினைத்துக்கொண்டுதான் நிற்கவேண்டும்.

வங்குரோத்து என்ற சொல்

"லண்டனில கடன் கட்ட ஏலாட்டி வங்குரோத்து எண்டு எழுதிக் குடுக்கலாமாம். இஞ்ச ஏலாதோ?" என்று ஒருநாள் அண்ணை கேட்டார். தமாம் பக்கம் விசாரித்தோம். சம்பளத்துக்கு வேலை செய்பவனுக்கு அப்படியொரு வழி இல்லை என்றார்கள்.

பின்னர் 2018 இல் சவூதியில் புதிய வங்குரோத்துச் சட்டம் வந்தது. அது கம்பனிகளுக்கும், வியாபாரமோ தொழிலோ நடத்தும் ஆட்களுக்கும் உரியது. மாதச் சம்பளக்காரனின் சொந்தக் கடனுக்கு அது குடை பிடிக்காது. ஐக்கிய அரபு இராச்சியம் வேறு விதம். அங்கே தனிநபர்களுக்கென 2019 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்ற மேற்பார்வையில் தவணை போட்டுக் கடனைத் தீர்க்க அது இடம் தருகிறது. கணக்கில் காசில்லாமல் காசோலை திரும்பினாலே குற்றம் என்ற நிலையும் அங்கே 2022 ஜனவரியிலிருந்து பெருமளவு மாறிவிட்டது. ஆகவே துபாயில் உள்ள மச்சானுக்கு உள்ள வழி ஜுபைலில் உள்ள அண்ணைக்கு இல்லை. ஒருவர் கதையை வைத்து இன்னொருவருக்குப் புத்தி சொல்லக்கூடாது.

உண்மை சொன்ன வெள்ளிக்கிழமை

2016 தொடக்கத்தில் அண்ணை சாப்பிடுவதைக் குறைத்தார். பிறகு பேசுவதையும் குறைத்தார். இரவில் கட்டிலில் எழும்பி இருப்பார். எமக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை நாம் இருவர் அவர் பக்கத்தில் இருந்து, "அண்ணை, இண்டைக்குத் தம்பியிட்ட உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நாங்கள் சொல்லுவம்" என்றோம்.

அவர் சொன்னார். மறுபக்கத்தில் கனநேரம் சத்தமில்லை. பிறகு தம்பி அழுதுகொண்டு கேட்டார்: "ஏன் அண்ணை எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை? என்ர காசெல்லோ அது?"

அந்த ஒரு கேள்வியோடு பாதிப் பாரம் இறங்கிவிட்டது. அண்ணியிடமும் சொன்னார்கள். காசு பிந்திய மாதங்களில் அவவும் கிழமைக் கடன் எடுத்து, அதை அண்ணைக்கு மறைத்திருந்தா. அந்நாளில் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்கு வீடு அதே கதை. நுண்கடன் எடுத்த பெண்களின் அவலம் பெரிதாகி, 2018 இல் இலங்கை அரசு வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவரையான அத்தகைய கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது.

பிறகு கொப்பியைத் திறந்து மூவரும் ரெலிபோனிலேயே கணக்குப் போட்டார்கள். தம்பி தன் வேலைத்தலத்தில் ஓவர்டைம் செய்து 6,000 ரியாலை அனுப்பி வட்டிக்காரரை முடித்தார். மாதம் 600 ரியால் வட்டி அன்றோடு நின்றது. வீட்டுக்கு அனுப்பும் 1,400 ஐ 800 ஆகக் குறைத்தார்கள். அந்தக் குறையை நிரப்பத் தம்பி ஒரு வருடம் அண்ணிக்கு மாதம் 100 பவுண் அனுப்பினார். இப்போது அண்ணையின் செலவு 3,100 ரியால். ஓவர்டைம் இல்லாத சம்பளத்துக்குள்ளேயே 400 மிஞ்சியது. அது கடனட்டைக்குப் போனது.

சம்பளப் பாக்கிக்கு எல்லோருமாகத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தோம். இலங்கைத் தூதரகம் ரியாத்தில், ஜுபைலிலிருந்து 400 கிலோமீற்றருக்கும் அப்பால். தூதரகம் எவருடைய கடனையும் கட்டாது. ஆனால் முறைப்பாட்டைப் பதிந்து கம்பனியோடு பேசும். பாக்கி இரண்டு தடவையாக வந்தது. சம்பளம் பிந்தியதற்குக் கம்பனியின் கடிதம் காட்டியதால் வங்கி இரண்டு தவணையைத் தள்ளிப்போட்டது. தவணை தவறிய பிறகு ஒளிக்காமல், தவறமுன்னரே கடிதத்தோடு போனதால்தான் அது நடந்தது.

2018 இல் ஒப்பந்தம் முடிந்து அண்ணை ஊர் திரும்பினார். ஒன்பது வருடச் சேவைக்குச் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு அரை மாதச் சம்பளமும், அதன்பின் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளமும். 22,750 ரியால் கையில் வந்தது. பயந்து ஓடியிருந்தால் அந்தக் காசும் போயிருக்கும். வங்கியிடம் "கடன் இல்லை" என்ற கடிதத்தையும் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினார். அந்தக் கடிதத்தை இன்றும் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம்.

இங்கே வந்திருப்பவர்களுக்கு

இந்த நாட்டில் கடனில் மூழ்கியவருக்குச் சட்டம் கதவு திறந்து வைத்திருக்கிறது. சிற்றிசன்ஸ் அட்வைஸ், ஸ்ரெப்சேஞ்ச், நாஷனல் டெற்லைன் ஆகியவை காசு வாங்காமல் ஆலோசனை தருகின்றன. காசு கேட்டு விளம்பரம் செய்பவர்களிடம் முதலில் போகாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல், ஆலோசகர் மூலம் 60 நாள் மூச்சுவிடும் அவகாசம் பெறலாம். அந்த நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது, கடன்காரரும் துரத்தமுடியாது.

சொந்த வீடில்லாத, வருமானம் குறைந்தவர்களுக்குக் கடன் நிவாரண ஆணை என்று ஒன்று உண்டு. 2024 ஏப்ரலில் அதன் கட்டணம் நீக்கப்பட்டது. ஜூன் மாதத்திலிருந்து 50,000 பவுண் வரையான கடனுக்கு அது பொருந்தும். அவசியச் செலவு போக மாதம் 75 பவுணுக்குமேல் மிஞ்சக்கூடாது. ஒரு வருடம் கழிய அந்தக் கடன்கள் நீங்கும். அதற்குள் அடங்காதவர்களுக்கு வங்குரோத்து. கட்டணம் 680 பவுண். வழக்கமாக ஒரு வருடத்தில் விடுதலை. ஆனால் வீடு, பெறுமதியான பொருட்கள் போகலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் சொல்லவேண்டிவரும். நீதிமன்றக் குற்றப்பணம் போன்றவை அதில் கழியா. அதனால் ஆலோசகரோடு இருந்து பேசிய பிறகே முடிவெடுங்கள்.

இன்னுமொன்று. சவூதி வங்கியில் உள்ள கடனையும் இங்கே மறைக்காமல் எழுதவேண்டும். ஆயினும் இங்கு கிடைக்கும் வங்குரோத்து அங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டாது. உங்கள் பெயரிலோ அண்ணையின் பெயரிலோ ஜுபைலில் நிற்கும் கடனை அங்கேதான் பேசித் தீர்க்கவேண்டும்.

எம்மவர் மத்தியில் வட்டிக்குக் கொடுத்து, பாஸ்போட்டையோ வங்கி அட்டையையோ பிடித்து வைப்பவர்களும் உண்டு. அனுமதியில்லாமல் வட்டிக்குக் கொடுப்பது இங்கே குற்றம். வாங்கியவர் குற்றவாளி அல்லர். பயப்படாமல் ஆலோசகரிடம் சொல்லலாம்.

வாசகர்களே, நாம் இங்கு வந்து சேர்ந்த ரிக்கற்றுக்கு யார் காசு கட்டினார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஜுபைலுக்கோ தமாமுக்கோ கட்டாருக்கோ ரெலிபோன் எடுங்கள். "சுகமோ" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் பதில் வரும். "மாதம் எவ்வளவு கட்டுறியள், ஆருக்கு எவ்வளவு மிச்சம்?" என்று கேளுங்கள். பிறகு பேப்பரும் பேனையும் எடுத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.